கம்மலை விட்டுக்கொடுத்த அம்மா, பந்தியை விட்டுக்கொடுக்கவில்லை!

எங்கள் சபைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பிறந்தநாள் வாழ்த்து, ஜெப விண்ணப்பம், 'நாளை ஆராதனை காலை 8.30-க்கு' என்ற அறிவிப்பு. சாதாரணமாக இவ்வளவுதான் அதில் வரும். போன வருஷம் ஒரு மாதம் மட்டும் அது போர்க்களமாக இருந்தது. காரணம், ஒரு டிரம்ஸ் செட்.

வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கி, ஆலயத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். 'ஆராதனைக்கே உயிர் வந்துவிட்டது' என்று பாதிப்பேர். 'இது கோயிலா, கச்சேரி மேடையா' என்று மீதிப்பேர். கர்த்தர் அமைதியில் பேசுகிறவர் என்பதற்கு ஒரு பெரியவர் எலியா தீர்க்கதரிசியைச் சாட்சிக்கு அழைத்தார். ஒரு கல்லூரி மாணவன், தம்புரும் கைத்தாளமும் வருகிற 150-ம் சங்கீதத்தைப் பதிலாக அனுப்பினான்.

இதில் நான் கவனித்தது ஒன்று. 'எனக்கு இந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை' என்றோ, 'எனக்கு இது பிடித்திருக்கிறது' என்றோ யாரும் எழுதவில்லை. எல்லோரும் 'வேதம் சொல்லுகிறது' என்றே ஆரம்பித்தார்கள். என் விருப்பம் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசலாம். வேதம் சொல்லுகிறது என்று சொல்லிவிட்டால், எதிரே இருப்பவர் என்னை அல்ல, கடவுளையே எதிர்க்கிறவர் ஆகிவிடுகிறார். ஒரு டிரம்ஸ் செட்டுக்காக இருபது வருஷப் பழக்கமுள்ள இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தியது இப்படித்தான்.

எனக்கும் இதில் கருத்து உண்டு. பாமாலைப் பாட்டை ஆர்கன் வாசித்துக் கொடுக்க, நான்கு குரலில் நிதானமாகப் பாடினால்தான் எனக்கு ஆராதனையில் இருந்த மாதிரி இருக்கும். அந்தக் கருத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால், கருத்தை வைத்துக்கொண்டே மனுஷரை விடாமல் இருக்க முடியும். அதை நான் கற்றுக்கொண்டது பிரசங்கத்தில் அல்ல, என் அம்மாவிடம்.

வாசலில் கழற்றும் செருப்பு

அம்மா பத்தாவது வரை படித்தவர். நெல்லைச் சீமையில் பனங்காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு கிராமத்துச் சபையில், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பல வருஷம் செயலாளராக இருந்தார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி நாலாவது வருஷம், என் தங்கை தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது காதில் கம்மல் இல்லை, கையில் வளையல் இல்லை, கழுத்தில் தாலிச் செயினும் இல்லை.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று நினைக்கும் வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் நகை போடத் தடையில்லை. கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்போம். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை கிடையாது. விவரம் தெரிந்த வயதில், தானே விரும்பி, தண்ணீரில் முழுகி எடுப்பதுதான் அங்கே ஞானஸ்நானம்.

அப்படியென்றால், கைக்குழந்தையாகத் தங்கையைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவும் அம்மாவும் வாங்கிக் கொடுத்த ஞானஸ்நானம் கணக்கிலேயே இல்லை என்று ஆகிறது. ஊர் பார்த்தது வெறுங்காதைத்தான். 'பிள்ள இப்படி மூளியா வந்து நிக்குதாளே' என்று பெரியம்மா அழுதார். ஆனால் அப்பாவைக் குத்தியது நகை அல்ல, அந்த ஞானஸ்நானம். இரண்டு வருஷம் அவர் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா என்ன நினைத்தார் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. தங்கையிடமே நேராகச் சொன்னார். "உனக்குச் சின்ன வயசுல கொடுத்த ஞானஸ்நானம் சரியானதுதான். அதுல எனக்குச் சந்தேகம் கிடையாது. நீ வேற மாதிரி நெனைக்க. சரி, சாப்பிட வா." அவள் கழற்றிய நகைகளை அவள் பெயரிலேயே லாக்கரில் வைத்தார். 'போடாத நகை எதுக்கு, வித்துப் போடலாமே' என்று கேட்ட சொந்தக்காரரிடம், "அது அவ நகை. போடுறதும் போடாததும் அவ பாடு" என்று முடித்துவிட்டார்.

தங்கையின் குழந்தையை அவர்கள் சபையில் பிரதிஷ்டை செய்யும் நாள் வந்தது. அப்பா வரவில்லை. அம்மா, தம்பி, நான் மூவரும் போனோம். சபைக் கட்டடம் கண்ணில் பட்டதும், ஆட்டோவுக்குள்ளேயே அம்மா கம்மலையும் வளையலையும் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, பர்ஸுக்குள் வைத்தார். தாலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டார்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, வேஷம் மாதிரி இருக்கு?" என்றான்.

"ஒருத்தர் வீட்டுக்குப் போனா வாசல்ல செருப்பக் கழட்டுதோம்லா? அதுக்காவ நாம செருப்பே போடக் கூடாதுன்னா அர்த்தம்?" என்றார் அம்மா.

உள்ளே தங்கை அம்மாவின் காதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து சாப்பாடு ஆகும்வரை அம்மாவை விட்டு நகரவில்லை. கிளம்பும்போதுதான், "எனக்காகக் கழட்டாதீங்கம்மா" என்றாள். "கழட்டுனா தேஞ்சா போயிரும்?" என்று சிரித்துக்கொண்டே அம்மா ஆட்டோவில் ஏறினார். தெரு முனை திரும்பியதும் கம்மல் மறுபடி காதுக்கு வந்துவிட்டது.

இந்த வழக்கம் பிறகு இரண்டு பக்கமும் ஆனது. என் பேரனுக்கு எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்தபோது தங்கை வந்திருந்தாள். குழந்தை ஞானஸ்நானத்தை அவள் இன்றைக்கும் ஏற்பதில்லை. ஐயர் பிள்ளையின் தலையில் தண்ணீர் விட்ட நேரம், பின் வரிசையில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். என்ன ஜெபித்தாள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் பேரனை முதலில் கையில் வாங்கியது அவள்தான்.

பராபரன், தேவன், கடவுள்

எங்கள் குழுவில் அடிக்கடி வரும் இன்னொரு சண்டை வேதாகம மொழிபெயர்ப்பு பற்றியது. பழைய மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்று இருக்கும். புதிய மொழிபெயர்ப்பில் 'கடவுள்' என்று வரும். வாலிபர் யாராவது ஆலயத்தில் 'கடவுள்' என்று வாசித்துவிட்டால், 'ஒழுங்கா தேவன்னு வாசிக்கக் கூடாதா' என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். தேவன் என்ற சொல்லே பரலோகத்தில் இருந்து இறங்கி வந்த மாதிரி.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் வேடிக்கை தெரியும். 18-ம் நூற்றாண்டில் பப்ரீசியஸ் ஐயர் மொழிபெயர்த்த தமிழ் வேதாகமத்தில் 'பராபரன்' என்றுதான் இருந்தது. 1871-ல் பவர் ஐயர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பு வந்தபோதுதான் 'தேவன்' நிலைத்தது. லுத்தரன் சபையார் மனசு கேட்காமல் பப்ரீசியஸ் வேதாகமத்தையே வெகுகாலம் வைத்திருந்தார்கள். 1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் 'கடவுள்' வந்தது. இன்றைக்கு 'பழையதை மாற்றாதே' என்று நாம் காக்கிற சொல், ஒருகாலத்தில் புதுசாக வந்து இன்னொருவர் மனசைப் புண்படுத்திய சொல்தான்.

இதற்காகப் பழைய சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை. எனக்கும் 'தேவனே' என்றால்தான் ஜெபம் வரும். அது நான் வளர்ந்த பழக்கம் என்ற ஞாபகம் எனக்கு இருந்தால் போதும்.

28 வருஷப் பேச்சுவார்த்தை

சி.எஸ்.ஐ. என்ற சபையே இப்படிப்பட்ட கருத்து வேற்றுமைகளை அடக்கி உருவானதுதான். 1919-ல் தரங்கம்பாடியில் சில போதகர்கள் கூடி, தனித்தனியாக இருக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். முன்னின்றவர் எங்கள் சீமைக்காரர், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912-ல் தோர்ணக்கல் பிஷப் ஆனவர். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

ஆங்கிலிக்கன் சபைக்கு பிஷப் இல்லாமல் சபையே இல்லை. எதிர்ப்பக்கம் இருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பாரம்பரியத்தாருக்கு பிஷப் என்றாலே ஆகாது. மெதடிஸ்டுகளும் பேச்சில் சேர்ந்தார்கள். பேசிப் பேசி 28 வருஷம் ஓடியது. அசரியா 1945 ஜனவரி 1-ம் தேதி காலமாகிவிட்டார். நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது.

அவர்கள் கண்ட வழிதான் எனக்குப் பிடித்தது. பிஷப் உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 'பிஷப் ஏன் வேண்டும்' என்பதற்கு இந்த விளக்கத்தைத்தான் எல்லோரும் நம்ப வேண்டும் என்று சட்டம் போடவில்லை. ஒரு சபையாருக்கு மனம் ஒப்பாத போதகரையோ ஆராதனை முறையையோ அவர்கள் மேல் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், பெரியவர் ஞானஸ்நானம் இரண்டுக்கும் இடம் வைத்தார்கள். யாரும் கருத்தைக் கழற்றி எறியவில்லை. அதை மற்றவர் கழுத்தில் கட்டவும் இல்லை.

எல்லோரும் உடனே சேர்ந்துவிடவும் இல்லை. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையாரில் பெரும்பகுதியினர் பல வருஷம் தள்ளியே நின்று, பிறகுதான் வந்தார்கள். 2013-ல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பிஷப்பாகப் புஷ்பலலிதா அம்மையார் பொறுப்பேற்றது அதே நந்தியால் பேராயத்தில்தான். அன்றைக்கு அவர்களை 'போங்கள்' என்று கதவை அடைத்திருந்தால் இது நடந்திருக்காது.

எங்கள் டிரம்ஸ் சண்டையும் ஒரு வழிக்கு வந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு டிரம்ஸ், மற்ற ஞாயிறுகளில் ஆர்கன் மட்டும் என்று சேகரக் கமிட்டி முடிவெடுத்தது. டிரம்ஸ் வாசிக்கும் பையன் ஆர்கன் ஞாயிறும் தவறாமல் வருகிறான். நான் டிரம்ஸ் ஞாயிறும் போகிறேன். காதுக்கு இன்னும் பழகவில்லை, அது வேறு விஷயம்.

பந்தின்னா எல்லாருக்கும் பந்தி

இதுவரை படித்துவிட்டு, 'சரி, சபைக்குள் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போக வேண்டும், அதுதான் தாழ்மை' என்று யாராவது நினைத்தால், அம்மாவின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நெல்லைப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. முதல் நாள் ராத்திரியே அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, பந்தி பந்தியாகப் பரிமாறுவார்கள். ஊரை விட்டுப் போனவர்களும் அன்றைக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் அசன ஏற்பாட்டுக் கூட்டம் எங்கள் வீட்டுத் தார்சாவில் நடந்தது. நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரின் கிழக்குத் தெருவில் இருந்து இருபது குடும்பங்கள்போல அப்போது சபையில் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். "கூட்டம் வருஷா வருஷம் கூடுது. கிழக்குத் தெருக்காரங்களுக்குப் பார்சல் கட்டி, அவங்க தெருவுலயே கொடுத்துட்டா அவங்களுக்கும் அலைச்சல் இல்ல, நமக்கும் இடம் தாராளமா இருக்கும்."

சாதி என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. சிலர் தலையாட்டினார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள்.

அம்மா பேசினார். "பார்சல்னா எல்லாருக்கும் பார்சல் கட்டுவோம். எங்க வீட்டுக்கும் ரெண்டு கட்டுங்க. பந்தின்னா எல்லாருக்கும் பந்தி."

"மைனி, இது உங்க கருத்து. கமிட்டியில நாலு பேரு நாலு கருத்து சொல்லத்தான் செய்வாங்க" என்றார் அவர்.

"அண்ணாச்சி, எனக்குப் பாட்டப் பத்திக் கருத்து இருக்கு, கம்மலப் பத்திக் கருத்து இருக்கு. அதையெல்லாம் வீட்டுக்குள்ள வச்சிட்டுத்தான் இங்க உக்காந்திருக்கேன். இது கருத்து இல்ல" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அந்த வருஷம் ஒரே பந்திதான் நடந்தது. மூன்று வீட்டார் அசனத்துக்கு வரவில்லை. அதில் ஒன்று எங்களுக்கு நெருங்கிய சொந்தம். அந்த வீட்டில் அம்மாவிடம் பேச்சு நின்றுபோனது. அம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முந்திரிக்கொத்தும் முறுக்கும் தூக்கில் போட்டு அந்த வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சில வருஷம் தூக்கு அப்படியே பலகாரத்தோடு திரும்பி வந்தது. பிறகு ஒரு வருஷம் பலகாரத்தை எடுத்துக்கொண்டு தூக்கைக் கொடுத்தனுப்பினார்கள். உள்ளே கொஞ்சம் சீனி இருந்தது. தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அம்மா அந்தச் சீனியில் காபி போட்டு எங்களுக்குக் கொடுத்தார்.

ஒரே பவுல், இரண்டு முகம்

பிற்பாடு வேதத்தை வாசித்தபோது, அம்மா இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்ததற்குக் காரணம் எனக்குப் பிடிபட்டது.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ம் அதிகாரத்தில் பவுல், சாப்பாட்டையும் நாள் பார்ப்பதையும் பற்றிப் பேசுகிறார். ஒருவர் எல்லாம் சாப்பிடுகிறார், ஒருவர் காய்கறி மட்டும் சாப்பிடுகிறார். எது சரி என்று பவுலுக்குத் தெளிவான கருத்து இருக்கிறது. ஆனாலும், என் சாப்பாடு இன்னொருவர் விசுவாசத்துக்கு இடறலாகும் என்றால் நான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறார்.

கலாத்தியர் நிருபம் 2-ம் அதிகாரத்திலும் சாப்பாடுதான் விஷயம். அந்தியோகியாவில், யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமில் இருந்து ஆட்கள் வந்ததும் பயந்து அந்தப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அங்கே பவுல் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கேட்டார்.

முதல் இடத்தில் என் தட்டில் என்ன இருக்கிறது என்பது கேள்வி. இரண்டாவது இடத்தில் பந்தியில் யாருக்கு இடமில்லை என்பது கேள்வி. என் தட்டை நான் விட்டுக்கொடுக்கலாம். அடுத்தவர் இலையை விட்டுக்கொடுக்க எனக்கு என்ன உரிமை?

நம் சபைகளில் இது அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது. டிரம்ஸுக்குச் சபை பிளக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதிவாரியாக இடம் பிரிக்கும்போது, 'ஒற்றுமை முக்கியம், விட்டுக்கொடுங்கள்' என்று பேச்சு வருகிறது. இது புதிதும் அல்ல. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டபோது, 'இது எங்கள் நாட்டு வழக்கம், விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று வாதாடித் தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அடுத்தவரை ஒதுக்குவதையும் அவர்கள் தங்கள் கருத்து என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது நானும் கமிட்டியில் இருக்கிறேன். வாய் திறப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று, 'வேதம் சொல்லுகிறது' என்று தொடங்க வேண்டியதா, 'எனக்கு இப்படிப் படுகிறது' என்று தொடங்க வேண்டியதா என்று. பத்தில் ஒன்பது தடவை இரண்டாவதுதான் பொருந்துகிறது. அப்படித் தொடங்கினால் எதிரே இருப்பவரும் 'எனக்கு வேற மாதிரி படுதுக்கா' என்று சொல்ல முடிகிறது. பேச்சு நிற்காமல் போகிறது.

இரண்டு, நான் சொல்வது நடந்தால் அதன் பாரம் யார் தலையில் விழும் என்று. என் தலையில் விழும் என்றால் தயங்காமல் விட்டுக்கொடுக்கலாம். அந்தக் கூட்டத்துக்கே அழைக்கப்படாத ஒருவர் தலையில் விழும் என்றால், 'பெரிய மனசு பண்ணி' நான் விட்டுக்கொடுப்பதாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. அது என் பொருளே அல்ல.

தங்கையும் நானும் இன்றைக்கும் ஞானஸ்நானத்தில் ஒத்துப்போகவில்லை. போன வாரம்கூட போனில் அரை மணி நேரம் வாதாடினோம். அவள் வசனம் சொன்னாள், நான் வசனம் சொன்னேன். கடைசியில் அவள்தான், "சரிக்கா, வெள்ளிக்கிழமை வரும்போது கருவாடு வாங்கிட்டு வாரேன், குழம்பு வச்சுத் தாங்க" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தாள்.